பாதயாத்திரையில் முந்துவது யார்?

கேள்வி: நாங்கள் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்கள். வருடாவருடம் தை மாதம் எங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறோம். சாத்தூர் வரை இளவட்டங்கள் நாங்கள்தான் முன்னால். கோவில்பட்டி தாண்டியதும் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிடுவோம். அறுபது வயதான பெரியம்மா ஒருவர் மட்டும் ஒரே சீராக நடந்து எங்களுக்கு முன்பே கோயிலுக்குப் போய்விடுகிறார். வேகமாக நடக்கிறவன்தானே முதலில் போய்ச் சேர வேண்டும்?
— வாசகர், நாரணாபுரம், சிவகாசி

பதில்: நல்ல கேள்வி. பச்சை வேட்டி கட்டி நடந்த பலருக்கும் இது தோன்றியிருக்கும். கேட்டு எழுதியவர் நீங்கள்.

“அந்தக் காலத்து உடம்பு, கம்பும் கேழ்வரகும் தின்ற தெம்பு” என்று இதற்குப் பதில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் அறுபது வயதில் தசை வலிமை இருபத்தைந்து வயதில் இருந்ததைவிடக் குறைந்துதான் இருக்கும். பெரியம்மாவை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். அவரிடம் கூடுதலாக இருப்பது பலம் அல்ல, வேகக் கணக்கு.

இன்னொரு தப்பெண்ணம், “வேகமாக நடந்தால் நடக்கும் நேரம் குறையும், அதனால் களைப்பும் குறையும்” என்பது. களைப்பை நேரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரு கிலோமீட்டரைக் கடக்க உடம்பு எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்பதைப் பாருங்கள்; விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நடையை உடலியலாளர்கள் ‘தலைகீழ் ஊசல்’ என்கிறார்கள். ஊன்றிய பாதம் அசையாமல் இருக்க, அதன்மேல் உடம்பு ஒரு வில்வளைவில் ஏறி இறங்குகிறது என்று பொருள். ஏறும்போது உயரத்தில் சேமிக்கும் ஆற்றல், இறங்கும்போது முன்னோக்கிய ஓட்டமாகத் திரும்பக் கிடைக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்ப ஆட்டினால் விரல் நுனி போதும். தாளம் தவறினால் முழுக் கையும் வலிக்கும். காலுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. சமதரையில் பெரும்பாலானவர்களுக்கு அது மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர். அதற்கு மேலே போகப் போக, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுதல் செலவு. மணிக்கு 7 கிலோமீட்டரை நெருங்கினால் உடம்பு தானாகவே ஓட்டத்துக்கு மாறப் பார்க்கும். தாளத்துக்குக் கீழே ஊர்ந்து போனாலும் செலவு கூடும். ஆகவே பெரியம்மா நடப்பது மெதுநடை அல்ல, சரியான நடை.

அடுத்தது சூடு. தசை எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். வேகம் கூடினால் வெப்பமும் வியர்வையும் கூடும். தண்ணீரும் உப்பும் வெளியேறும். எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டில் நிழல் குறைவு. தை மாதம்தானே என்று நினைத்தாலும் உச்சி வெயிலில் அந்த நட்டம் தெரியும்.

மூன்றாவது கொப்புளம். தார்ச்சாலைச் சூட்டினால் வருகிறது என்பார்கள். சுடுதார் தோலைப் பொசுக்குவது உண்மைதான். ஆனால் நடைக்கொப்புளம் பனிக்காலத்து இரவிலும் வரும், செருப்புக்குள்ளும் வரும். காரணம் ‘கத்தரிப்பு விசை’, அதாவது ஒட்டியிருக்கும் இரண்டு அடுக்குகளை எதிரெதிர்த் திசையில் இழுக்கும் விசை. வெளித்தோல் தரையையோ செருப்பையோ பற்றிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. இழுபட்டு இழுபட்டு மேல்தோலின் நடு அடுக்கு கிழிகிறது. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. வியர்வையில் ஊறிய தோல் இன்னும் இறுக்கமாகப் பற்றும். எட்டி எட்டி வைக்கும் நடையில் ஒவ்வோர் அடியிலும் இழுப்பு அதிகம். வருடம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்த பாதத்தில் தோல் பழகியிருக்காது. வயற்காட்டு வேலைக்குப் போய்வருகிறவர்களின் பாதம் தடித்துப் பழகியிருக்கும்.

நம் முன்னோர்கள் பாதைகளை அமைத்ததும் இந்த நடைக்காகத்தான். 1689இல் மதுரையின் ஆட்சிப் பொறுப்பேற்ற ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும், கட்டிய சத்திரங்களையும் தென்மாவட்டங்களில் இன்றும் அவர் பெயரால் சொல்கிறார்கள். வழியோரச் சுமைதாங்கிக் கல் தலையுயரத்துக்கு இருக்கும். இறக்கிவைக்கவும் திரும்ப ஏற்றவும் அடுத்தவர் கை தேவையில்லை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். இன்றைய அன்னதானப் பந்தல்களும் மோர்ப் பந்தல்களும் அதே அறத்தின் தொடர்ச்சி.

இனி நடைமுறை. மூச்சிரைக்காமல் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறதா? அதுவே உங்கள் வேகம். “அரோகரா” சொல்லும்போது குரல் உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள். எட்டி எட்டி அடி வைக்காதீர்கள். மணிக்கு ஒருமுறை சில நிமிடம் நில்லுங்கள்; ஒரேயடியாக இரண்டு மணி நேரம் படுத்தால் கால் விறைத்துப்போகும். தாகம் எடுக்கும்போதெல்லாம் உப்புப் போட்ட மோர் குடியுங்கள். பாதத்தில் ஓரிடம் காந்தினால் அப்போதே நின்று துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தால் புண் பட்டதே தெரியாது. இரவில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி, ஒளிரும் பட்டை அணிந்து வரிசையாகப் போங்கள்.

சரியான வேகம் இன்னொன்றும் தரும். உளுந்தும் பாசியும் விளையும் கரிசல், தூத்துக்குடி உப்பளம், ஆத்தூர்ப் பக்கம் தாமிரபரணி பாயும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும், அப்புறம் பனைகள் நிற்கும் செம்மணல் தேரி என்று நான்கு வகை நிலத்தை ஒரே யாத்திரையில் மிதித்துப் போகிறீர்கள். பேருந்தில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிற நிலங்கள் இவை. வலியோடு நடக்கிறவர் தன் காலை மட்டுமே பார்ப்பார். வலியில்லாதவர் ஊரைப் பார்ப்பார்.

முதன்முறை வருகிறவர்களை எடுத்த எடுப்பில் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடிக்கு முதலில் நடக்கட்டும். சாத்தூர் வழியாக ஓர் இரவு நடைதான். எந்த வேகத்தில் தனக்குப் பேச்சு வருகிறது, பாதத்தில் எந்த இடம் காந்துகிறது என்று அந்த ஓர் இரவிலேயே தெரிந்துவிடும். பிறகு தைப்பூசத்துக்கு ஐந்து மாதம் இருக்கிறது. ஆலை விட்டதும் தினமும் கொஞ்ச தூரம் நடந்து பழகினால், பாதத் தோல் தடிக்க அது போதும்.