பிள்ளை எத்தனை கிலோ?

"அண்ணாச்சி, மூணு வயசுப் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து குடுங்க." வத்திராயிருப்பிலும் கூமாப்பட்டியிலும் கான்சாபுரத்திலும் மருந்துக் கடைகளில் அன்றாடம் கேட்கிற பேச்சு. கடைக்காரர் பாட்டிலை எடுத்து வைத்து, "வேளைக்கு அஞ்சு மில்லி, நாளுக்கு நாலு வேளை" என்று சொல்லி அனுப்புவார். இருவருமே நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை எத்தனை கிலோ என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை. மலையடிவாரத்தில், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத ஊர்களில், கேட்டே ஆகவேண்டிய கேள்வி அதுதான். மருந்தின் அளவு பற்றி இந்தப் பக்கத்தில் உலவும் சில நம்பிக்கைகளை எடுத்துப் பார்ப்போம்.

"மூணு வயசுன்னா அஞ்சு மில்லி"

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலின் கணக்கு வயதில் தொடங்குவதில்லை. ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது.

ஒரே தெருவில் மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் 16 கிலோ, இன்னொருத்தி 10 கிலோ. 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கிற சிரப்பை இருவருக்கும் 5 மில்லி கொடுத்தால், அவனுக்கு அது ஏறக்குறைய சரியான அளவு. அவளுக்கோ கிலோவுக்கு 25 மில்லிகிராம் போகிறது. நாளுக்கு நாலு வேளை என்றால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். காய்ச்சல் விடவில்லையே என்று இரண்டு மூன்று நாள் இப்படியே தொடர்ந்தால், அது கல்லீரலைக் கெடுக்கும் எல்லைக்கே கொண்டுபோய் விடும். இத்தனைக்கும் அந்தத் தாய் சொன்ன சொல் தவறாமல்தான் கொடுத்திருப்பாள்.

10 கிலோவில் மூன்று வயதுப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம். 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 சதவீதம் பேர் வயதுக்கு ஏற்ற எடையில் இல்லை. நூறில் இருபத்திரண்டு பிள்ளைகள். வயதை வைத்து எடையை ஊகிக்கும் வாய்ப்பாடுகள் மருத்துவப் புத்தகங்களிலும் உண்டு. வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டு என்பது அவற்றில் ஒன்று. அதன்படி மூன்று வயதுக்கு 14 கிலோ. எடை குறைந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு கூடுதல் மருந்தைத்தான் எழுதித் தரும்.

"எந்த பாட்டிலா இருந்தா என்ன, மருந்து ஒண்ணுதானே"

மருந்து ஒன்றுதான், அடர்த்தி ஒன்றல்ல. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சொட்டு மருந்து பாட்டில் சின்னதாக இருப்பதால் அது மென்மையான மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். அந்தப் பாட்டிலிலிருந்து சிரப் போல 5 மில்லி ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லிகிராம், பெரியவர்கள் போடும் முழு மாத்திரை, குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். 6 கிலோ குழந்தைக்குத் தேவைப்படுவது 0.6 முதல் 0.9 மில்லிதான்.

சங்கிலோ பாலாடையிலோ கண்ணளவாக ஊற்றிப் புகட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. புகட்டுவதில் பிழையில்லை, அளப்பதில்தான் பிழை. வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றைக் கடையில் வாங்கி, அதில் அளந்து, பிறகு சங்கில் விட்டுக் கொடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தளவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

"குறைச்சுக் குடுத்தா ஒண்ணும் ஆகாது"

பயத்தில் பிறந்த நம்பிக்கை இது. பெரியவர் மாத்திரையில் பாதி, அதிலும் பாதி என்று உடைத்துக் கொடுக்கும் வழக்கம் இதிலிருந்துதான் வருகிறது. குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பின் சின்னப் பிரதி என்று நினைத்துவிடுகிறோம். பச்சைக் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் முழுதாக முதிரவில்லை. அங்கே மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். ஆனால் ஓடியாடும் வயதில் பல மருந்துகளை உடம்பு பெரியவர்களைவிட வேகமாகக் கழித்துவிடுகிறது. அதனால் கிலோ கணக்கில் பார்த்தால் பிள்ளைக்குக் கூடுதலாகவே தேவைப்படும்.

காசநோய் மருந்து இதற்கு நல்ல சான்று. ஐசோனியசிட் பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம், குழந்தைகளுக்கு 10. பழைய அளவு பிள்ளைகளுக்குப் போதவில்லை என்று கண்டு 2010-ல் உலக சுகாதார நிறுவனம் உயர்த்திய அளவு அது. இன்று குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரையும் கூட்டு மாத்திரை தருகிறார்கள்: 4 முதல் 7 கிலோ வரை 1, 8 முதல் 11 வரை 2, 12 முதல் 15 வரை 3, 16 முதல் 24 வரை 4. அந்தப் பட்டியலில் வயது என்ற கட்டமே இல்லை. குறைத்துக் கொடுத்தால் கிருமி சாகாது. மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறவும் வழி திறக்கும்.

"எடை பார்க்கிறதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான்"

காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களிடையே ஒரு மனக்குறை உண்டு. "அவருக்கு நாலு மாத்திரை, எனக்கு மட்டும் ரெண்டு." பாரபட்சம் எதுவும் இல்லை. 25 முதல் 34 கிலோ வரை இரண்டு மாத்திரை, 35 முதல் 49 வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. இதனால்தான் ஒருவர் மாத்திரையை இன்னொருவர் வாங்கிச் சாப்பிடக் கூடாது. உடம்பு தேறி எடை கூடினால் மாத்திரையின் எண்ணிக்கையும் மாற வேண்டியிருக்கும். ஆகவே முதல் நாள் எடுத்த எடையோடு நின்றுவிடக் கூடாது. 2022-ல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் பார்க்கிற சில எளிய சோதனைகளில் எடையும் உயரமும் இடம் பெற்றன. மிகவும் மெலிந்தவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க அது உதவுகிறது.

காய்ச்சல் மாத்திரைக்கும் இது பொருந்தும். 38 கிலோ எடையுள்ள ஒரு களையெடுக்கும் அம்மாவுக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும். உடம்பு வலி தாங்காமல் இரண்டாகப் போட்டால் கிலோவுக்கு 26 மில்லிகிராம் ஆகிவிடும். எடை குறைந்த பெரியவர்களும் கணக்குப் பார்த்தே சாப்பிட வேண்டும். முதியவர்களுக்குச் சிறுநீரகத்தின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அது மருத்துவர் வேலை.

"சின்ன உடம்பு, பாம்புக்கடி ஊசியும் பாதி போதும்"

இதுவரை எடை, எடை என்று சொல்லிவந்த நானே இங்கே எதிராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளவக்கல் அணைப் பாசன வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும் நடமாடுகிறவர்கள் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பு நஞ்சு முறிவு மருந்துக்கு எடைக் கணக்குக் கிடையாது. 12 கிலோ பிள்ளைக்கும் 70 கிலோ ஆளுக்கும் ஒரே அளவு.

காரணம் எளிது. அந்த மருந்து உடம்பைக் குணப்படுத்துவதில்லை, நஞ்சை முறிக்கிறது. கடிபட்டவர் சின்னவர் என்று பாம்பு நஞ்சைக் குறைத்து இறக்குவதில்லை. கண்ணாடிவிரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் நஞ்சை இறக்குகிறது. நம் நாட்டு மருந்து ஒரு மில்லி, 0.6 மில்லிகிராம் கண்ணாடிவிரியன் நஞ்சை முறிக்கும். 10 மில்லி குப்பிகள் பத்து என்றால் 60 மில்லிகிராம். தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகள் ஏற்றுவது இந்தக் கணக்கில்தான். சின்ன உடம்பில் அதே நஞ்சு இன்னும் அடர்த்தியாகப் பரவுகிறது. அங்கே பாதி மருந்து என்பது பாதி நஞ்சை உள்ளே விட்டுவைப்பது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்து. இதற்கான நஞ்சை 1978-ல் மாமல்லபுரம் அருகே தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாகச் சேகரித்துத் தருகிறது.

ஆனால் அதே படுக்கையில், அந்த மருந்தைக் கலக்கும் திரவத்தின் அளவு எடைப்படி மாறும். ஒவ்வாமை வந்தால் போடும் அட்ரினலினும் பிள்ளைக்கு எடைப்படிதான். நாய்க்கடியிலும் இப்படியே. தடுப்பூசி எல்லா உடம்புக்கும் ஒரே அளவு. ஆழமான காயத்தில் செலுத்தும், வெறிநோய்க்கு எதிரான குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட். சதுரகிரி ஏறும்போது குரங்கு கடித்தாலும் இதே கணக்குதான். எது எடைப்படி, எது இல்லை என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. எடையைச் சரியாகச் சொன்னால் போதும், மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

"மலையில எடை மெஷினுக்கு எங்க போறது"

தாணிப்பாறை போன்ற அடிவாரக் குடியிருப்புகளில் வாழும் பளியர் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது வரும் கேள்வி. தராசு இல்லாத இடங்களில் உயரத்தை அளந்து மருந்தளவு சொல்லும் வழிகள் உலகில் உண்டு. ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஐவர்மெக்டின் மாத்திரையை அளவுக்கோல் நட்டு, உயரம் பார்த்துத் தருகிறார்கள். அவசர சிகிச்சைக்கென்று அமெரிக்காவில் உருவான புரோஸ்லோ நாடா, படுத்திருக்கும் பிள்ளையின் நீளத்திலிருந்து எடையைச் சொல்லும். ஆனால் இந்தியக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து 2008-ல் வெளியான ஆய்வு, 10 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது எடையைக் கூட்டிக் காட்டுகிறது என்றது. எனவே நேரில் நிறுப்பதற்கு ஈடு இல்லை.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தாய் தனியாக ஏறி ஒரு முறை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை. கழித்தால் பிள்ளையின் எடை. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை எடுத்து எழுதுகிறார்கள். மலைக் குடியிருப்புக்குப் போகும் நடமாடும் மருத்துவக் குழு ஒரு தராசைக் கையோடு கொண்டுபோய், எடுத்த எடையைக் குடும்பத்தாரிடமே எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். இதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அம்மாமாரே, அப்பாமாரே, இந்த மாதம் அங்கன்வாடியில் எடுத்த எடையை, தேதியோடு, தாய் சேய் நல அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வயதுக்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்: "பிள்ளை பத்தரை கிலோ." பிறகு பாட்டிலைத் திருப்பி, 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று கடைக்காரரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.