பிட் நோட்டீஸுக்கு யார் அனுமதி தர வேண்டும்?

நம்பிக்கை: எழுதலாம், அச்சடிக்கலாம், ஆனால் தெருவில் நின்று கொடுக்கப் போலீஸ் அனுமதி வேண்டும்.

பொதுக்கூட்டம், ஊர்வலம், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்குக் காவல் நிலையத்தில் மனுப் போட்டே பழகியதால் வந்த எண்ணம் இது. ஒரு கருத்தைச் சொல்லும் துண்டறிக்கையைக் கைக்குக் கை கொடுப்பதற்கு முன் அனுமதி கேட்கும் பொதுச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு குடிமக்களுக்குத் தரும் பேச்சுரிமைக்குள் பரப்பும் உரிமையும் அடங்கும்.

இதை நிலைநாட்டிய வழக்கு சென்னை மாநில ஆணை ஒன்றை எதிர்த்து எழுந்தது. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து வெளியிட்ட 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரவோ விற்கவோ கூடாது என்று 1950 மார்ச் 1 அன்று மாநில அரசு ஆணையிட்டது. சாசனம் நடைமுறைக்கு வந்து அப்போது ஐந்து வாரம்கூட ஆகவில்லை. இதழ் அச்சாவதை யாரும் தடுக்கவில்லை. வாசகர் கைக்குப் போவதைத்தான் தடுத்தார்கள். மே 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, பரப்ப முடியாவிட்டால் வெளியீட்டுக்கே மதிப்பில்லை என்ற நிலையை எடுத்தார்.

நம்பிக்கை: அப்படியானால் இந்த உரிமைக்கு எல்லையே இல்லை.

அந்த வெற்றி ஓராண்டு அப்படியே நின்றது. பேச்சுரிமைக்குச் சாசனம் அனுமதித்த கட்டுப்பாடுகளில் 'பொது ஒழுங்கு' என்ற காரணம் இல்லை என்பதே தீர்ப்பின் அச்சாணி. அதனால் 1951 ஜூனில் முதல் சட்டத்திருத்தம் அந்தச் சொல்லையே உள்ளே கொண்டுவந்துவிட்டது. வெளிநாடுகளுடனான நட்புறவும், குற்றம் செய்யத் தூண்டுதலும் கூடவே வந்தன. அதே திருத்தம், கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. இதைச் சொல்லுவோர் குறைவு. 1963இல் நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் சேர்க்கப்பட்டன. நாட்டின் பாதுகாப்பு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு ஆகியவற்றோடு இன்று மொத்தம் எட்டுக் காரணங்கள். கருத்து பிடிக்கவில்லை என்பது அந்த எட்டில் ஒன்றல்ல.

நம்பிக்கை: யாராவது மனம் புண்பட்டது என்று புகார் கொடுத்தாலே துண்டறிக்கை குற்றமாகிவிடும்.

மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் சட்டத்தின் பிறப்பே ஒரு சிறுநூலால்தான். 1924இல் லாகூரில் வெளியான 'ரங்கீலா ரசூல்' பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அன்றிருந்த 153அ பிரிவு அதற்குப் பொருந்தாது என்று 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் பதிப்பாளரை விடுவித்தது. அதே ஆண்டில் 295அ பிரிவு கொண்டுவரப்பட்டது. இரண்டாண்டு கழித்து அந்தப் பதிப்பாளர் கொலை செய்யப்பட்டார்.

ஆத்திரத்தின் நடுவே எழுதப்பட்டாலும் அந்தப் பிரிவில் ஒரு கவனம் இருந்தது. சமூகச் சீர்திருத்தத்துக்காக மதத்தைச் சாடுபவர் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, 'வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்' செய்த அவமதிப்பு மட்டுமே குற்றம் என்று வரையறுத்தார்கள். 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவைச் செல்லும் என்றதும் இந்த வரம்பைக் காட்டித்தான். இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு. அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டு. நடைமுறையில் நோக்கத்தை ஆராய்வதற்கு முன்பே முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிடுகிறது என்பது வேறு கதை.

நம்பிக்கை: எதிர்ப்பாளர்கள் கலவரம் செய்வோம் என்றால் தடை விதிப்பதே அரசின் கடமை.

இட ஒதுக்கீட்டைக் கேள்வி கேட்ட 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்துக்குத் தந்த சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பித் தந்தது. மிரட்டலுக்குப் பயந்து பேச்சை அடக்க முடியாது, பாதுகாப்பு கொடுப்பதே அரசின் வேலை என்பது தீர்ப்பின் சாரம். பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையிலான தொடர்பு நெருக்கமாக, நேரடியாக இருக்க வேண்டும். எங்கோ, எப்போதோ நடக்கலாம் என்ற ஊகம் போதாது. 144 என்றே இன்னும் அழைக்கப்படும் தடை உத்தரவும் (இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு) நியாயமான கருத்தை ஒடுக்கும் கருவியாகக் கூடாது என்று 2020இல் அனுராதா பாசின் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது.

நம்பிக்கை: அரசு பறிமுதல் செய்துவிட்டால் கதை முடிந்தது.

பெரியாரின் இராமாயண விமர்சனத்தை லலாய் சிங் யாதவ் 'சச்சி ராமாயண்' என்று இந்தியில் வெளியிட்டார். 1969 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. 1971இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்ய, அரசு மேல்முறையீட்டுக்குப் போய் 1976இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. நூலின் கருத்தையே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்று தமிழ்நாட்டு மேடைகளில் சொல்வதுண்டு. அதுவும் சரியல்ல. எந்தெந்தப் பகுதி ஆட்சேபகரம் என்று பின்னிணைப்பில் பட்டியலிட்ட அரசு, ஏன் என்ற காரணத்தை எழுதவில்லை. ஆணை விழுந்தது அந்தக் குறையால்தான். நூல் புண்படுத்துகிறதா என்ற கேள்விக்குள் நீதிபதி கிருஷ்ணய்யரின் தீர்ப்பு போகவில்லை. காரணம் எழுதும் கட்டாயம் இன்றும் இருக்கிறது. பறிமுதலை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பொதுவாக மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும்.

நம்பிக்கை: தேர்தல் நோட்டீஸும் மற்ற நோட்டீஸ் போலத்தான்.

தேர்தல் காலத்தில் விதி கறாரானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் தாளில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தன்னைப் பற்றிய உறுதிமொழியில் கையெழுத்திட்டு, தன்னை நேரில் அறிந்த இருவரின் சான்றொப்பத்துடன் அச்சகத்தில் தர வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் யாருக்கும் வாக்குக் கேட்கக் கூடாது. வாய்ப்பேச்சுக்கும் கையில் கொடுக்கும் தாளுக்கும் அது பொது.