சின்னப் பிள்ளைக்கு எப்படிப்பட்ட மெத்தை?



தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் புதுத் துணிக்கு அடுத்தபடியாகப் பல வீடுகளில் வாங்க நினைப்பது மெத்தை. லயத்து வாசலுக்கே கொண்டுவந்து தவணைக்குக் கொடுப்பவர்களும் உண்டு. வீட்டில் கைப்பிள்ளை இருந்தால் "பிள்ளைக்கு நல்லதா ஒண்ணு வாங்குவோமே" என்ற ஆசை இன்னும் கூடும். ஆசையில் தப்பில்லை. எது நல்ல மெத்தை என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த தோட்டத்தில் ஒரு குடும்பம் மூன்று மாதப் பிள்ளைக்கென்று ஸ்பொஞ் மெத்தை வாங்கியது. கை வைத்தால் உள்ளே அமுங்கும், அவ்வளவு மிருது. ஒருநாள் தாய் பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தூங்கவைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறார். அப்பாயி தற்செயலாக எட்டிப் பார்த்தபோது பிள்ளையின் முகம் மெத்தைக்குள் புதைந்து, உதடு நீலம் பூத்திருந்தது. உடனே தூக்கியதால் பிள்ளை பிழைத்தது. "ஐயா, மெத்துன்னு இருந்தா சொகமா தூங்கும்னுதான் கடன்பட்டு வாங்குனோம். அதுவே எமனா வரப் பாத்துச்சே" என்று அந்த அப்பாயி சொன்னார். அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

ஏன் அப்படி நடக்கிறது?

கைப்பிள்ளைக்குக் கழுத்தில் பலம் குறைவு. முகம் பள்ளத்தில் புதைந்தால் தலையைத் தூக்கித் திருப்பத் தெரியாது. தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கும். சத்தமில்லாமலே மூச்சு அடங்கிவிடும்.

பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி இங்கிலாந்தில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். அதன் பிறகு அந்த நாடுகளில் தூக்கத்தில் திடீரென இறக்கும் சிசுக்களின் தொகை பாதிக்கு மேல் குறைந்தது. ஆகவே ஒரு வயது வரை பகலோ இரவோ மல்லாக்கவே படுக்க வையுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. உறுதி: உள்ளங்கையால் நன்றாக அமுக்கிவிட்டு எடுங்கள். உடனே பழையபடி நிமிர வேண்டும். கை பதிந்த பள்ளம் அப்படியே நின்றால் அது கைப்பிள்ளைக்கு ஆகாது.

2. சமம்: நடுவில் குழி விழுந்த பழைய மெத்தை, கட்டி கட்டியாகத் திரண்ட பஞ்சு மெத்தை இரண்டும் வேண்டாம்.

3. அளவு: கட்டிலில் போடுவதானால் மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அந்தச் சந்தில் பிள்ளையின் தலை சிக்கிக்கொள்ளும்.

4. உறை: தும்பு மெத்தை உறுதியானதுதான். ஆனால் தும்பு வெளியே வந்து குத்தாதபடி தடித்த துணியால் உறை தைத்துப் போடுங்கள். கடையில் சுற்றித் தந்த பொலித்தீனைக் கழற்றி வீசிவிடுங்கள். அது முகத்தில் ஒட்டினால் மூச்சு அடைக்கும். மூத்திரம் இறங்காமலிருக்க ரப்பர் சீலையை இழுத்து விரித்து, மேலே பருத்தித் துணி போட்டு, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுங்கள்.

கையில் காசில்லையா? கடன்பட வேண்டாம். நான்காக மடித்த தடித்த கம்பளியைப் பலகை மேல் சுருக்கமில்லாமல் இறுக்கி விரித்தால் போதும். விலை கூடிய மிருதுவான மெத்தையைவிட இது பாதுகாப்பு.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒரு வயது வரை தலையணை வேண்டாம். பக்கத்தில் துணிமூட்டையும் பொம்மையும் வேண்டாம். நம் மலைக் குளிருக்குச் சட்டை, காலுறை போட்டுவிடுங்கள். போர்வையை நெஞ்சு வரை மட்டும் போர்த்தி, ஓரங்களைச் செருகிவிடுங்கள். முகத்தை மூடாதீர்கள்.

ஒரே காம்பராவில் எல்லோரும் படுக்கும் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளையை நடுவில் போடாமல், தாயின் கைக்கு எட்டும் தூரத்தில் தனி விரிப்பில் படுக்க வையுங்கள். குடித்திருப்பவரும் அலுப்பில் அடித்துப்போட்டதுபோல் தூங்குபவரும் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை.

சேலைத் தொட்டிலில் ஆட்டுவது நம் வழக்கம். அதில் பிள்ளை வளைந்து கிடக்கும்போது நாடி நெஞ்சில் அழுந்தி மூச்சுக் குழாய் ஒடுங்கலாம். எனவே தூங்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். மறைவாக விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

தரையில் விரித்த மெத்தையைக் காலையில் சுவரில் சாய்த்து வையுங்கள். வெயில் கண்ட நாளில் வெளியே போடுங்கள். ஈரத்தில் கறுப்புப் புள்ளி பூத்தால் இருமலும் இழுப்பும் வரும். அடுப்புப் புகையும் பீடி, சிகரட் புகையும் பிள்ளை படுக்கும் இடத்துக்கு வரக் கூடாது.

யோசித்துப் பாருங்கள்

1. இன்றிரவு உங்கள் பிள்ளை படுக்கும் இடத்தை அமுக்கிப் பாருங்கள். பள்ளம் விழுகிறதா?
2. பிள்ளையின் தலைப்பக்கம் என்னென்ன கிடக்கிறது?
3. வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்க்கும் அப்பாயி, அம்மாயிக்கு இவற்றைச் சொல்லிவிட்டீர்களா?

சந்தேகம் இருந்தால் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். பிள்ளைமடுவத்திலும் பேசுங்கள். வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுத் தாய்க்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.