குக்கர் விசிலும் ஒரு இன்டரப்ட்தான்

பத்து நாள் விபாசனா முகாம்ல பேச்சு கிடையாது, போன் கிடையாது, வீட்டு வேலையும் கிடையாது. முடிஞ்சு கிளம்பும்போது, தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புறாங்க. வீட்டுக்கு வந்தா ஒரு பக்கம் மிக்சி, இன்னொரு பக்கம் சீரியல். எப்படி உட்கார்றது?

இந்த முறையை 1969-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த கோயங்கா துறவி இல்லை. பர்மாவில் தொழில் நடத்தின குடும்பஸ்தர். ஒற்றைத் தலைவலி தாங்காம 1955-ல் கத்துக்கப் போனவர். அவரோட குரு ஊ பா கின்னும் துறவி இல்லை, அரசு அதிகாரி! 1948-ல் பர்மா சுதந்திரம் அடைஞ்சப்போ அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர். தன் ஆபீஸ் ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக் கொடுத்தார். அதனால இது காட்டுக்குப் போறவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க.

ஆரம்பப் பயிற்சி ரொம்ப எளிமை. மூக்குல மூச்சு வர்றதையும் போறதையும் கவனிக்கணும், அதை மாத்தக் கூடாது. மனசு ஓடிடும். ஓடினது தெரிஞ்ச உடனே மூச்சுக்குத் திரும்பணும். மைக்ரோபிராசசர் பேப்பர் படிச்சவங்களுக்கு இது புதுசில்லை. இன்டரப்ட் வந்தா பிராசசர் திரும்பி வரவேண்டிய அட்ரஸை ஸ்டாக்கில் வச்சுட்டு, வந்த வேலையை முடிச்சுட்டு, விட்ட இடத்துக்கே வரும். 'ஏன் வந்தே'ன்னு சண்டை போடாது. விசில் சத்தம் கேட்டுச்சா, கேட்டுச்சு, அவ்வளவுதான், திரும்ப மூச்சு. அம்மா கூப்பிடுறது மட்டும் 8085-ல இருக்கிற டிராப் மாதிரி, மாஸ்க் பண்ணவே முடியாது. எழுந்து போயிட்டு வந்து உட்காருங்க. 'சத்தம் போடாதீங்க'ன்னு கத்திட்டு கதவைச் சாத்துறதுக்கு உட்காராமலே இருக்கலாம்.

ஒரு மணி நேரம் கிடைக்கலைன்னா இருபது நிமிஷம் போதும், ஆனா தினமும் வேணும். அலாரத்தை நம்புறதை விட, வீட்டுல ஏற்கனவே தினமும் நடக்கிற ஒண்ணோட சேர்த்துக்கறது நல்லது. எங்க வீட்டுல தண்ணி மோட்டார். போட்டுட்டு உட்கார்ந்தா டேங்க் நிரம்புற வரைக்கும் யாரும் தேட மாட்டாங்க. (வழியுற சத்தம் கேட்டா கண்டிப்பா எழுந்திருக்கணும்!)

இன்னொண்ணு. நீங்க கண்ணை மூடி உட்கார்ற நேரத்துல உங்க வேலையை வேற யாரோ செய்யறாங்க, பெரும்பாலும் அம்மாதான். அதனால பாத்திரத்தைக் கழுவிட்டு உட்காருங்க. விசில் எண்ணுற வேலையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீங்க வாங்கிக்கிட்டா, அவங்களும் இருபது நிமிஷம் உட்காரலாம்.