மூன்று ராசிக்காரர்

மே மாதம் 3-ஆம் தேதி, அதாவது சித்திரை இருபதில், பிறந்த என் நண்பரொருவருக்கு வெகுநாளாக ஒரு மனக்குறை உண்டு. ஆங்கிலப் பத்திரிகையின் ராசிபலன் அவரை ரிஷபத்தில் சேர்க்கிறது. சித்திரையில் சூரியன் நிற்பது மேஷத்தில் என்கிறது வீட்டுப் பஞ்சாங்கம். ஜாதகக் கட்டத்திலோ சந்திரன் தனுசில் இருப்பதால், கோவில் அர்ச்சனையில் அவர் சொல்லும் ராசி தனுசு. மூன்றில் இரண்டேனும் பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் துணிபு. அநேகருடைய நம்பிக்கையும் அதுவே.

சூரியன், சந்திரன் என்ற பேதத்தை ஒதுக்கிவிட்டால், எஞ்சிய சச்சரவு அளக்கத் தொடங்கும் இடத்தைப் பற்றியதே. இரவும் பகலும் சமமாகும் மார்ச்சு மாதத்து விஷுவப் புள்ளியை மேஷத்தின் தொடக்கமாகக் கொள்வது மேனாட்டாரின் சாயன முறை. அத்தொடக்கத்தை நட்சத்திரங்களின் நடுவே நிலைநிறுத்தி எண்ணுவது நம்மவருடைய நிராயன முறை. வேகம் தளர்ந்த பம்பரத்தைப்போலப் பூமியின் அச்சு மெல்லத் தலைசுற்றுவதால், விஷுவப் புள்ளி நட்சத்திரங்களினூடே ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்கிக்கொண்டே போகிறது. அப்படிச் சேர்ந்த இடைவெளி, அயனாம்சம் என்னும் பெயரோடு, இன்று 24 பாகையளவில் நிற்கிறது. ரிஷபத்தில் பன்னிரண்டு பாகை கடந்த நண்பருடைய சூரியனிலிருந்து அதைக் கழித்துப்பாருங்கள். மேஷத்தில் ஏறக்குறையப் பதினெட்டாம் பாகைக்கு வந்துவிடும். சூரியன் என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

மேனாட்டார் இந்தச் சலனத்தை அறியாமல் ஏமாந்தார்கள் என்று நம்மிற் சிலர் பெருமை பேசுவதற்கும் ஆதாரமில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் கண்ட அதனைத் தாலமி நன்கறிந்தே பருவங்களை ஒட்டிய ராசிகளைக் கைக்கொண்டார். நம் பக்கத்திலோ, தொடக்கப் புள்ளி சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிரிலா, வேறிடத்திலா என்பதிலேயே நெடுங்காலம் விவாதம் இருந்தது. மேகநாத் சாஹாவின் தலைமையில் அரசாங்கம் அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு, லாஹிரி அதன் செயலாளராயிருக்க, 1955-இல் முன்னதை ஏற்றது. அதே குழு தேசிய நாட்காட்டியைச் சாயனக் கணக்கில் வகுத்து, சாதாரண ஆண்டுகளில் சைத்திர முதல் நாளை மார்ச்சு 22-இல் வைத்ததை, லாஹிரி அயனாம்சத்தைப் பிரமாணமாகக் காட்டுவோர் ஏனோ எடுத்துரைப்பதில்லை.

நம் ஜோதிடம் அந்நியக் கலப்பற்றது என்பது வேறொரு நம்பிக்கை. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகத் ஜாதகத்தில் மேஷத்துக்குக் கிரியம், ரிஷபத்துக்குத் தாவுரி, சிம்மத்துக்கு லேயம் என்று கிரேக்கப் பெயர்களைக் கூச்சமின்றி அடுக்கியிருக்கிறார். நாம் அன்றாடம் வழங்கும் ஹோரை, கேந்திரம் என்பவையும் யவனர் வழி வந்த சொற்களே. அதுகொண்டு யாவும் இரவல் எனத் துணிவதும் பிழை. இருபத்தேழு நட்சத்திரங்களும், அவற்றின்மேல் கட்டிய 120 ஆண்டு விம்சோத்தரி தசையும் இந்நாட்டுச் சரக்கு.

மேனாட்டு முறை சூரியனை மட்டுமே பார்க்கும் என்பது பத்திரிகைகள் தந்த மயக்கம். 1930-இல் லண்டன் ஸண்டே எக்ஸ்பிரஸில் நெய்லர் என்பவர் பச்சிளம் இளவரசி மார்கரெட்டின் ஜாதகத்தை எழுதிப் பெயரெடுத்த பின்னரே அந்தப் பன்னிரண்டு பத்திப் பலன் பெருகிற்று. அங்கும் தேர்ந்த ஜோதிடர் லக்கினமும் சந்திரனும் பாராமல் வாய் திறப்பதில்லை.

இவ்வளவும் கேட்ட நண்பர், "சரி, எதில் பலன் பலிக்கும்?" என்றார். விண்ணியலாளர் ஜயந்த் நார்லிகர் மகாராஷ்டிரத்தில் நடத்தி 2009-இல் வெளியிட்ட சோதனையைச் சொன்னேன். அறிவிற் சிறந்த மாணாக்கருடைய ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுடைய ஜாதகங்களையும் கலந்துகொடுத்து இனம் பிரிக்கச் சொன்னபோது, 27 ஜோதிடர்கள் கூறியவற்றில் சராசரியாக நூற்றுக்கு 46-தான் சரியாயிருந்தன.

"அது நம் நிராயனக்காரர்களல்லவா? சாயனக்காரர்களைக் கேட்டார்களா?" என்றார் நண்பர், முகம் மலர்ந்து.

அவர்களையும் 1985-இலேயே அமெரிக்காவில் ஷான் கார்ல்சன் கேட்டிருக்கிறார். ஒரு ஜாதகத்தோடு மூவருடைய குணவிவரணங்களைக் கொடுத்து, உரியதைப் பொறுக்கச் சொன்னதில், மூன்றுக்கு ஒன்றுதான் தேறிற்று.