டப்பா ஊற்றினால் கம்ப்ரஷன் ஏறுமா?

காலையில் செல்ஃப் அடித்தால் டிராக்டர் வெள்ளைப் புகை கக்குகிறதே தவிர எளிதில் ஸ்டார்ட் ஆகவில்லை. "இதை ஆயிலோட ஊத்துங்க, கம்ப்ரஷன் ஏறிடும்" என்று ஸ்பேர்ஸ் கடையில் ஒரு டப்பாவை நீட்டுவார்கள். வாங்கும் முன் கம்ப்ரஷன் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் பேட்டரி, டேப்பட் இடைவெளி. செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலே டீசல் பற்றும் அளவுக்குக் காற்று சூடேறாது. டேப்பட் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது.

அடுத்து, சூடான இன்ஜினில் இன்ஜெக்டரைக் கழற்றி டீசலுக்குரிய கேஜை மாட்டுங்கள். பெட்ரோல் வண்டி கேஜ் தாங்காது. பல இன்ஜின்களில் 350 முதல் 450 பிஎஸ்ஐ வரும். உங்கள் இன்ஜினுக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். குறைந்த சிலிண்டரில் இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை விட்டுக் காது கொடுங்கள். இன்ஜின் திடீரெனச் சுழலலாம், ஃபேன் பக்கம் கை போகக்கூடாது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். இந்த இரண்டுக்கும் டப்பா தண்டச்செலவு.

ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங் அல்லது லைனர். லைனர் 0.2 மி.மீ. தேய்ந்திருந்தால் அது 200 மைக்ரான்; ஆயில் படலமோ சில மைக்ரான்தான். பல டப்பாக்களில் இருப்பது ஆயிலைக் கெட்டியாக்கும் பொருள். புகை கொஞ்ச நாள் குறையும். வண்டியை விற்கப்போகிறவருக்கு அது போதும். வைத்து ஓட்டுகிறவருக்கு, கெட்டி ஆயிலால் குளிரில் செல்ஃப் இன்னும் திணறும்.

ஒரே விதிவிலக்கு, கரி பிடித்து இறுகிய ரிங். வெகுநாள் சும்மா நின்ற வண்டியில் இது சகஜம். இன்ஜெக்டர் துளையில் துரு இளக்கும் எண்ணெயைச் சிறிதளவு மட்டும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் இன்ஜெக்டரை மாட்டாமலே சுற்றி, தேங்கியதை வெளியே தள்ளிவிட வேண்டும். தேங்கிய எண்ணெய் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, சில மணி நேரம் லோடில் உழவு ஓட்டிவிட்டு மறுபடி கேஜ் வையுங்கள். முள் ஏறியிருந்தால் பிழைத்தீர்கள்.

ஏறாவிட்டால் லைனர், பிஸ்டன், ரிங் செட்தான். அதை மாட்டும் முன் ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ஹோஸைக் கழற்றி உள்ளே விரலால் துடைத்துப் பாருங்கள். மண்தூசி ஒட்டினால் ஹோஸையும் கிளாம்பையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது ரிங்கையும் அதே மண் தின்றுவிடும்.