சொன்னால்தானே தெரியும்

எங்கள் ஆட்களிடையே ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் மண்டபம் பிடித்து, வீடியோ எடுத்து, ஊரையே கூட்டிச் சாமத்தியவீடு செய்வார்கள். நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் நாள் தவறாமல் வரும். அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிறகு கலியாணம். அப்போது கிடைக்கும் அறிவுரை, “அவர் சொல்லுறபடி நட.” கொழும்பு, கொள்ளுப்பிட்டியில் குடித்தனம் தொடங்கியபோது என் கையிலிருந்ததும் அவ்வளவுதான். இவருக்கும் படங்களில் பார்த்ததற்கு மேல் தெரியாது.

முதலில் கேட்டது இவர்தான்: “உமக்கும் சந்தோஷமா இருக்கோ?”

“பிடிக்குது. ஆனா எனக்கு ஒண்டும் முடிஞ்ச மாதிரி இல்லை” என்றேன்.

அடுத்த அறையில் மாமி. சுவரோ மெல்லிசு. அதனால் மிச்சத்தை மரைன் டிரைவில் நடந்துகொண்டே பேசினோம். கோச்சி போகிற இரைச்சலில் பின்னால் வருபவருக்கு எதுவும் கேட்காது. முகம் பார்க்காமல் பக்கத்தில் நடப்பதால் கூச்சமும் பாதியாகிறது. கட்டிலில் வைத்துக் குறை சொன்னால் மனிதர் சுருங்கிப்போவார். வெளியில் ஆறுதலாகச் சொன்னால் காது கொடுப்பார்.

இருவருமாக வாசித்தோம். உடலுறவால் மட்டும் உச்சம் அடையாத பெண்கள் ஏராளம். அது நோயும் இல்லை, குறைபாடும் இல்லை. இன்பத்தின் நரம்புகள் செறிந்திருப்பது கிளிற்றோரிஸில். வெளியே தெரிவது அதன் நுனி மட்டும். மிச்சம் யோனியின் இரு பக்கமும் உள்ளே இறங்குகிறது. ஹெலன் ஓ’கொனல் என்ற அவுஸ்திரேலிய சத்திரசிகிச்சை நிபுணர் இதைத் துல்லியமாக விளக்கியது 1998இல்தான். அதுவரை பல மருத்துவ நூல்களே அதைச் சரியாகக் காட்டவில்லை என்றால், எங்கள் வீட்டுப் பெரியவர்களை நோவதில் என்ன நியாயம்? 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆண்களோடு உறவுகொள்ளும் பெண்களில் 65 வீதமானோரே வழமையாக உச்சம் அடைவதாகச் சொன்னார்கள். பெண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் அது 95 வீதம். அடிக்கடி உச்சம் அடைந்த பெண்கள், தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குபவர்களாகவும் இருந்தார்கள்.

கேட்பது எப்படி? “நீங்கள் இப்படிச் செய்யிறது சரியில்லை” என்று தொடங்காதீர்கள். “இந்த இடம், இன்னும் மெல்ல, நிப்பாட்டாதேங்கோ.” இந்த அளவு போதும். வாய் வராவிட்டால் அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டுங்கள். அதற்கு முன் உங்கள் உடம்பை நீங்களே தொட்டு அறிந்திருக்க வேண்டும். அதில் பாவம் எதுவும் இல்லை. ஆண்களுக்கு ஒன்று: அவசரப்படாதீர்கள். வேலையால் வந்து, சமைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்த்த பெண்ணுக்கு ஆசை தானாகக் கிளம்ப வேண்டும் என்றில்லை. தொட்டு, கதைத்து, உடம்பு இளகிய பிறகும் அது வரும். வராமலும் போகலாம். அன்றைக்கு அவள் சொல்லும் “வேண்டாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிட வேண்டும். 1995இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோதும், நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்ட மனைவிக்கு மட்டுமே கணவனின் பலாத்காரத்திலிருந்து சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. சேர்ந்து வாழ்பவளை அது கைவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

வறட்சி இருந்தால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லி பாமசியில் கிடைக்கும். ஆணுறை பாவிப்பவர்கள் தேங்காய் எண்ணெயைத் தொடவே கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிக் கிழிந்துவிடும்.

நோவைப் பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள். யோனித் தசைகள் தன்பாட்டில் இறுகிக்கொள்வது, தொற்று, பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய வறட்சி எனக் காரணங்கள் பல, சிகிச்சையும் உண்டு. கொழும்பு புல்லர்ஸ் ஒழுங்கையில், 1953இலிருந்து இயங்கும் இலங்கைக் குடும்பத் திட்டமிடல் சங்கத்தில் பாலியல் நல ஆலோசனை பெறலாம். முடிந்தால் இருவருமாகப் போங்கள். டொக்டர் சொல்வதை அவரும் நேரில் கேட்டால், வீட்டுக்கு வந்து நீங்கள் திரும்ப விளக்கத் தேவையில்லை.